உத்திரமேரூரும் ஒரு ஒயின் ஊர்தான்

பிரான்சில் போர்தோ பக்கம் வேலை பார்க்கும் என் அத்தை மகன் போன மாசம் ஒரு படம் அனுப்பினான். மேடும் பள்ளமுமாக வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, நடுவில் ஒரு கல் கோபுரம். ஊர் பெயர் செந்த்-எமிலியோன். "மாப்ள, இங்க ஒரு வருஷம் இருந்தா போதும்டா, மனுஷன் மண்ணை எப்படி மதிக்கணும்னு தெரிஞ்சிரும்" என்று கீழே ஒரு வரி.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நானும் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். எங்கள் வரப்பு, அதன் மேல் 23 பனை, பின்னால் ஏரிக்கரை. "நானும் ஒயின் விளையற ஊர்லதான் இருக்கேன்" என்று எழுதினேன். அவன் சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டான்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பனங்கள்ளை ஆங்கிலத்தில் 'பாம் ஒயின்' என்றுதான் எழுதுவார்கள். பழச்சாறோ மரச்சாறோ, சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்கினால் வேதியியலுக்கு ரெண்டும் ஒரே சங்கதிதான். அப்படியானால் அந்த ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் (1999-இல் யுனெஸ்கோ அறிவித்தது), எங்கள் வரப்பு செங்கல் சூளைக்கு விறகாகவும் போவது ஏன்? இதைத்தான் ஒரு மாசமாக மண்டைக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது. சூளைக்கு மரம் வாங்கும் புரோக்கர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் சாறு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாளை விடும்வரை எது எது என்று தெரியாது. பாளை விடவே பதினைந்து, இருபது வருஷம் ஆகும். திராட்சைக் கொடி மூன்றாம் வருஷமே காய்க்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பாளை விரிவதற்கு முன் அதைக் கட்டி, மர இடுக்கியால் பல நாள் பதமாக நசுக்கி, நுனியைச் சீவுவார்கள். சீவிய இடத்தில் சாறு சொட்டும். கீழே கலயம் கட்டவேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி, மெல்லிய சீவலாக ஒரு சீவு. சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். ஆகவே மாசியில் ஆரம்பித்து ஆனி வரை, ஏறுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. முப்பது மரம் கட்டியிருந்தால் நாளுக்கு அறுபது தடவை ஏறி இறங்கவேண்டும்.

சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். ஆனால் காற்றிலும், பூச்சிக் காலிலும், கலயத்தின் பழைய ஈரத்திலும் ஈஸ்ட் இருக்கிறது. நம் ஊர் வெயில் வேறு. சாயங்காலம் கட்டிய கலயத்தை விடியற்காலை இறக்கினால் அது ஏற்கெனவே இளங்கள். மத்தியானத்தில் நுரை பொங்கும், சாராய அளவு நூற்றுக்கு நாலு, ஐந்துக்கு வந்துவிடும். மறுநாள் புளிப்பு ஏறி, அதற்கும் பிறகு காடி. இத்தனைக்கும் யாரும் எதுவும் சேர்க்கவேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

அதைச் சும்மா இருக்கவிடாமல் செய்வதுதான் சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், சாறு காரத்தன்மை அடைகிறது, ஈஸ்ட் வேலை செய்யமுடியாது, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது. அதுதான் பதநீர், எங்கள் பக்கம் பேச்சில் பதனி. காய்ச்சினால் பனைவெல்லம். எட்டு முதல் பத்து லிட்டர் சாற்றுக்கு ஒரு கிலோ தேறும்.

மதுவிலக்குச் சட்டம் கோடு போட்டிருப்பதும் இந்தச் சுண்ணாம்பில்தான். புளிக்காதபடி பக்குவம் செய்த கலயத்தில் இறக்கினால் பதநீர். அது இல்லாமல் புளித்தால் கள். மரமும் பாளையும் அதே, ஏறுகிற ஆளும் அவரேதான். சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்து பதநீர் லேசாகப் புளித்துவிட்டால் அவர் குற்றவாளி ஆகிவிடலாம். எங்கள் வரப்பில் ஒரு காலத்தில் ஏறிய தாத்தா ஒருவர் இருக்கிறார், இப்போது எண்பதைத் தொடுகிறார். "சுண்ணாம்பு கூடிப்போனா குடிக்கிறவன் திட்டுவான், கொறைஞ்சிப்போனா போலீஸ்காரன் திட்டுவான். நடுவுல நிக்கிறது தான் தம்பி தொழிலு" என்பார்.

சரி, திராட்சைக்கு வருவோம். திராட்சையில் சர்க்கரை இருபது பங்குக்கு மேலே, சாறு இயல்பிலேயே நல்ல புளிப்பு. அதனால் கெட்ட கிருமிகள் அதில் சுலபமாகத் தலையெடுக்காது. சாராயமும் பன்னிரண்டு, பதின்மூன்று வரை ஏறும். காற்றுப் புகாமல் அடைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். நிற்கிற பொருளைக் கப்பலில் ஏற்றலாம், பெயர் ஒட்டலாம், விலை ஏறும்வரை பூட்டி வைக்கலாம். பனஞ்சாறு கிட்டத்தட்ட நடுநிலை, புளிப்பும் இல்லை காரமும் இல்லை. எல்லா நுண்ணுயிருக்கும் அது விருந்து. அதனால் கள்ளுக்கு ஆயுசு ஒரு நாள்தான். இறக்கிய ஊரிலேயே அன்றைக்கே குடித்துத் தீர்க்கவேண்டும். பாட்டில் கம்பெனிக்கும் ஏற்றுமதிக்கும் அது லாயக்கில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் கணக்குப் பார்க்க அரசாங்கத்துக்கும் முடியாது. ஒயின் பணக்காரப் பொருளாகவும் கள் கூலிக்காரப் பொருளாகவும் ஆனதற்கு நாகரிகத்தைவிட இந்த ஒரு நாள் ஆயுசுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒயின் நமக்குப் புதுசும் இல்லை. யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றிலேயே பேச்சு வருகிறது. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவ்வளவு தூரம் ஏன், எங்கள் பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வசவசமுத்திரத்திலும் அந்த மாதிரி ஜாடி ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். கப்பலில் வந்த ஒயின் அரசனுக்கும் வியாபாரிக்கும், மரத்தில் வடிந்த கள் மற்ற எல்லாருக்கும் என்று அப்போதே ஒரு பாகப்பிரிவினை இருந்திருக்கும் போல.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் நிஜமான திராட்சை ஊர் பார்க்கவேண்டுமென்றால் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். சுருளிப்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி பக்கமெல்லாம் பந்தல்தான். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்காலம் இல்லாததால் கொடி தூங்குவதில்லை. கவாத்துத் தேதியை மாற்றி மாற்றி வருஷம் பூராவும் அறுவடை செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது தட்டுக்கும் ஜூஸுக்கும் போகும் பழம். (நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்று சொல்லும் கடையில் ஒயினைத் தவிர எல்லாம் விற்கும் என்பது இன்னொரு வேடிக்கை.)

செந்த்-எமிலியோன் பற்றிப் படித்தபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். 1199-இல் இங்கிலாந்து அரசர் ஜான் அந்த ஊருக்கு ஒரு சாசனம் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்த சபைக்கு 'ஜுராத்' என்று பெயர். ஊர் நிர்வாகத்தோடு ஒயினின் தரத்தையும் அந்தச் சபைதான் பார்த்தது. நல்லதற்கு முத்திரை குத்தும், மட்டமானதை அழித்துவிடும். பிரெஞ்சுப் புரட்சியில் கலைந்து, 1948-இல் ஒயின் சங்கமாக மறுபடி உயிர் பெற்றது.

எங்கள் ஊருக்கும் சபை உண்டு, அதுவும் அதற்கு 278 வருஷம் முன்னால். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போவார்கள். 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தவை. 30 குடும்புகள், கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். யார் நிற்கக்கூடாது என்ற பட்டியலை மட்டும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஐந்து மாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது. அந்த நான்கில் மது குடிப்பதும் ஒன்று.

அதாவது அங்கே ஊர்ச்சபை ஒயினை நிர்வாகம் செய்தது, இங்கே ஊர்ச்சபை குடித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. நிறுத்திவிட்டு, பெயரை எழுதியது எதில்? பனை ஓலையில். போட்டது எதில்? குடத்தில். மரமும் மண்பாண்டமும் சபைக்குள் போய்விட்டன, ஏறுகிறவன் மட்டும் வெளியே.

பல்லவர், சோழர் காலத்துப் பிரமதேயச் செப்பேடுகளிலும் இதே மனப்போக்கு தெரியும். இந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற விதி திரும்பத் திரும்ப வருகிறது. இன்னொரு பக்கம் 'ஈழம்பூட்சி' என்று கள் இறக்குபவர்மீது வரியும் இருக்கிறது. ஒரு ஊரில் தடை, பக்கத்து ஊரில் வரி. ஆயிரம் வருஷமாக நம் அரசுகளுக்கு இந்த விஷயத்தில் இரண்டு மனசுதான்.

இருபதாம் நூற்றாண்டிலும் அப்படியே. 1921 வாக்கில் கள்ளுக்கு எதிராகப் பெரியார் தன் தோப்பில் 500 தென்னையை வெட்டிச் சாய்த்ததைச் சொல்வார்கள். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் கருணாநிதி அதைத் தளர்த்தினார், சில வருஷத்தில் மறுபடி கடைகள் மூடின. 1981-இல் எம்.ஜி.ஆர். கள், சாராயக் கடைகளைத் திறந்தார். 1987 ஜனவரி 1 முதல் அவரே மூடினார். அன்றிலிருந்து கள்ளுக்குக் கதவு திறக்கவில்லை. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. ஐந்து சதவீதச் சரக்கு குற்றம், நாற்பது சதவீதச் சரக்கு அரசாங்க வருமானம். பக்கத்தில் புதுச்சேரியிலும் கேரளத்திலும் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது.

இந்த இடத்தில் 'கள் உணவு, தடையை எடுங்கள்' என்று நான் முடித்திருப்பேன். கள் இயக்கத்தின் செ. நல்லசாமி பல வருஷமாகச் சொல்வதும் அதுதான். ஆனால் என் பாட்டி விடவில்லை.

பாட்டியிடம் இதையெல்லாம் ஒருநாள் உற்சாகமாகச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே, "அந்தக் கடை இருந்த வரைக்கும் உங்க தாத்தன் கூலி முழுசா வூட்டுக்கு வந்ததில்ல. நாலு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் கஞ்சிக்கு எந்தெந்த வூட்டு வாசல்ல நின்னேன்னு உனக்கு இன்னா தெரியும்?" என்றார். அஞ்சு சதவீதம் என்று நான் ஆரம்பித்தேன். "அஞ்சோ பத்தோ, வித்தது அவன் சட்டைய" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அதோடு இன்னொன்றும் உண்டு. மரம் எவ்வளவு சொட்டுமோ அவ்வளவுதான் கள். குடிக்கிறவர்கள் அதைவிட அதிகமானால் மீதி எங்கிருந்து வரும்? தண்ணீரும் மயக்க மாத்திரையும் கலந்த கள் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது. தடை போட்டதாலும் குடி நின்றுவிடவில்லை. 2023 மே மாசம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேலே. அதெல்லாம் கள் இல்லை, தொழிற்சாலை மெத்தனால். பாளையில் வடிந்த சாறு புளித்து அந்த அளவு மெத்தனால் ஒருநாளும் உண்டாகாது. இதையும் பாட்டியிடம் சொன்னேன். "அப்ப ரெண்டையும் மூடச் சொல்லு" என்றார். அவர் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

ஆக மரத்துக்கு என்ன வழி? இங்கேதான் நான் முதலில் சொன்ன ஆண், பெண் விஷயம் வருகிறது.

பெண் பனைக்கு இன்னும் ஒரு பிழைப்பு இருக்கிறது: நுங்கு. சித்திரை, வைகாசியில் சென்னைக்கு வண்டி வண்டியாகப் போகிறது. நுங்குக்கு ஒரு தடவை ஏறிக் குலையை வெட்டிக் கயிற்றில் இறக்கினால் முடிந்தது. சாறு மாதிரி தினம் ரெண்டு வேளை ஏறவேண்டாம். அதனால் நுங்கு வெட்ட இன்றைக்கும் ஆள் கிடைக்கிறது, சாறு இறக்க ஆள் கிடைப்பதில்லை. ஆண் பனையில் நுங்கு கிடையாது. அதன் ஒரே வருமானம் பாளைச் சாறுதான். சாறு இறக்க ஆள் இல்லையென்றால் அது வரப்பில் நிற்கும் தண்டமரம். ஓலையை இப்போது யார் கேட்கிறார்கள்? கூரை எல்லாம் தகரம் ஆகிவிட்டது.

சூளைப் புரோக்கருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் 23 மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "காய்க்கிறத வெச்சிக்குங்க சார், அலகு விடறது பதினொண்ணும் எனக்குக் குடுத்துடுங்க" என்றார். அலகு என்றால் ஆண் பாளை. மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் பனை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்ததைச் சொன்னேன். பனை நம் மாநில மரம் என்றும் சேர்த்துக்கொண்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார். அதே பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் விதை முளைத்துப் பாளை விட இருபது வருஷம். அதற்குள் ஏறத் தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டால் அந்த மரங்கள் யாருக்குப் பாளை விடும்?

சித்தப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். அவர் பையன் காலேஜ் பீஸ் கட்டவேண்டும், பாகம் அவருக்கும் உண்டு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. போர்தோ பக்கத்துக் குடியானவன் கொடியைக் காப்பாற்றுவது அவன் நம்மைவிட மண்ணை மதிப்பதால் இல்லை, அந்தக் கொடி அவன் பிள்ளைக்குப் பீஸ் கட்டுவதால். எங்கள் ஆண் பனைக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும். எனக்குத் தெரிந்து இன்றைக்குச் சட்டத்துக்குள், பாட்டி கண்ணுக்கு முன்னால், செய்யக்கூடிய ஒரே வேலை பதநீர்தான். வெயில் காலத்தில் வந்தவாசி ரோட்டோரம் நின்று விற்றாலே போகும். வெல்லமாகக் காய்ச்சினால் கெடாது, ஒயின் மாதிரி அதற்கும் தூர ஊருக்குப் போகிற ஆயுசு உண்டு. இடிக்கிற இடம் ஏறுகிற ஆள்தான். கூலி மட்டும் பிரச்சினை இல்லை. இந்தத் தொழிலோடு சாதியை ஒட்டிவைத்து எவ்வளவு கேவலப்படுத்தினோம் என்பது ஏறினவர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், ஒரகடம் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறார்கள். திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் எண்பது வயதுத் தாத்தாவிடமே போய்க் கேட்டேன். செய்யாறு பக்கத்தில் அவருடைய தங்கச்சி பேரன் ஒருவன் இன்னும் ஏறுகிறானாம். அவனைக் கூப்பிட்டு விட்டார். பையன் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான். பதினொன்றில் நாலு ஏறலாம், மற்றதெல்லாம் மட்டை கழிக்காமல் விட்டுக் கெட்டிருக்கிறது, இந்த வருஷம் கழித்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். பாளையில் பாதி அவனுக்கு என்று பேச்சு. அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

சித்தப்பா ஆனி வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருக்கிறார். புரோக்கர் நேற்றும் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. காலையில் கடையில் ரெண்டு கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து திண்ணையில் வைத்திருக்கிறேன். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "நெறையவே தடவச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.